இப்போது பார்ப்பவர்: ஒருவர்

முகவரியை யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுப்பதற்கு முகவரி என்று ஒன்று இன்னும் பிறக்கவே இல்லை. 'வெளியிடு' என்ற பச்சைப் பொத்தானின் பக்கம் மூத்தவள் விரலைக்கூடக் கொண்டுபோகவில்லை. அப்படியிருக்க, பாதி கட்டிய வீடுபோல நின்ற அந்தப் பக்கத்தின் கீழ்மூலையில், எறும்பு வரிசைபோன்ற எழுத்தில், 'இப்போது பார்ப்பவர்: 1' என்று இருந்தது.

அந்த ஒருவர் நாமாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்துக்கொண்டாள். பக்கத்திலிருந்த கேள்விக்குறியைத் தட்டினால், 'உங்கள் சொந்த வருகை இதில் சேராது' என்று மென்பொருள் பணிவாகச் சொன்னது. மதியச் சாப்பாட்டுப் பாத்திரங்கள் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தன. மழைக்கு முந்தைய இருட்டு ஜன்னல் கம்பிகளுக்கிடையே வழிந்து தரையில் தேங்கிக்கொண்டிருந்தது. அடுப்பில் மிதமான சூட்டில் உருகும் மெழுகிலிருந்து, வாயில் ஒட்டுவதுபோன்ற ஒரு கொழகொழத்த வாசனை எழும்பி, கூடத்தைக் கடந்து, லேப்டாப் வைத்திருந்த மேசைவரை வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றது. வாசனைதான் நின்றது. வேறு யாரும் இல்லை. திரும்பிப் பார்த்து உறுதிசெய்துகொண்டாள்.

மூத்தவள், இளையவள் என்பதெல்லாம் தெரு வைத்த பெயர். அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு ஒரே வீட்டின் கீழும் மேலும் குடித்தனம் நடத்தும் ஓரகத்திகள். வெளியே பார்த்தால் நகமும் சதையும். உள்ளே என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும்.

மெழுகுவர்த்தி செய்வது மூத்தவளின் கைவேலை. இளையவள் கல்யாணமாகி வந்த புதிதில் மாடியில் பொழுது போகவில்லை என்று கீழே வந்தாள், திரி பிடித்துக்கொடுத்தாள், அச்சு கழுவினாள், சூடான கத்தியை எப்படிச் சாய்த்து வழித்தால் மெழுகு கண்ணாடிபோல மழமழவென்று ஆகும் என்று கற்றுக்கொண்டாள். பிறகு ஒருநாள் மாடியேறிப் போய்த் தன் பெயரில் ஒரு வலைத்தளம் தொடங்கிவிட்டாள். 'என் விரல்களில் பிறக்கும் வெளிச்சம்' என்று அதற்குத் தலைப்பு. பக்கவாட்டில் திரும்பி, காதில் ஜிமிக்கி மின்ன, கையில் மெழுகுவர்த்தியுடன் ஒரு படம். எங்கிருந்தெல்லாமோ ஆர்டர் வந்தது. அதைக்கூட மூத்தவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். 'என்னைப் பற்றி' பக்கத்தின் கடைசியில் ஒரு வரி இருந்தது: 'கீழ்வீட்டு அக்காவும் அவ்வப்போது உதவுவார்.'

அவ்வப்போதாம்.

அந்த வரியை மூத்தவள் தினமும் ஒருமுறை போய்ப் படிப்பாள். புண்ணை நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல. போதாக்குறைக்கு, இளையவள் கொஞ்ச நாளாகக் கூந்தலை ஒரு பக்கமாக இழுத்துவிட்டு ஒரு புது அலங்காரம் வேறு. பால்காரர் முதல் பல் டாக்டர் மனைவிவரை "என்ன அழகு, என்ன அழகு" என்றார்கள். மூத்தவளும் கண்ணாடி முன்னால் நின்று முடியை அப்படி இழுத்துவிட்டுப் பார்த்தாள். கணவர் ஏறிட்டுப் பார்த்து, "தலைவலியா? மாத்திரை போடு" என்றார்.

அன்றுதான் முடிவெடுத்தாள். தனக்கென்று ஒரு தளம். மாடிக்காரியினுடையதைவிட ஒரு படி மேலே. கம்ப்யூட்டர் தெரியாதவர்களுக்கென்றே இருக்கும் மென்பொருள்களில் மூன்றைத் தேர்ந்தெடுத்து, சோதனைக் காலம் இலவசம் என்பதால், மூன்றிலும் ஒரே பக்கத்தைக் கட்டிப் பார்த்து எது நல்லது என்று எடைபோடுவது திட்டம். கத்தரிக்காய் வாங்கினாலே நாலு கடை ஏறி இறங்குகிறவள். இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவாளா?

முதல் மென்பொருள் நச்சரிப்பு ரகம். ஒரு படத்தை நகர்த்தினால் பத்து வாழ்த்து, பணம் கட்டு என்று பதினோராவது. ஆனால் வசதி நிறைய. வந்திருப்பவரின் மவுஸ் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்றுகூடக் காட்டும். மூத்தவள் அதைத் தட்டினாள். திரையில் ஒரு நீல வளையம் தோன்றியது. ஒரு மிளகு அகலம். அவளுடைய புகைப்படத்தின்மேல் அசையாமல் நின்றது.

முகத்தின்மேல் அல்ல. படத்தின் இடது ஓரத்தில்.

அந்தப் படத்துக்கு ஒரு கதை உண்டு. மூத்தவள் தனியாக எடுத்துக்கொண்ட நல்ல படம் ஒன்றுகூட இல்லை, இருப்பதெல்லாம் கூட்டத்தோடு. உறவுக்காரர் கல்யாணத்தில் இளையவளோடு தோளுரசி நின்ற படத்தில்தான் முகம் கொஞ்சம் சிரித்த மாதிரி வந்திருந்தது. ஆகவே இளையவளை வெட்டிவிட்டுத் தன்னை மட்டும் எடுத்து, செவ்வாய்க்கிழமை தளத்தில் ஏற்றினாள். எவ்வளவு வெட்டியும், ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. இளையவளின் காது. ஜிமிக்கியோடு.

வளையம் அந்தக் காதின்மேல் உட்கார்ந்திருந்தது.

"என் வீட்டுக்கு வந்தும் அவ காதைத்தான் பாக்கணுமா?" என்று மூத்தவள் வாய்விட்டுக் கேட்டாள். வந்திருப்பது யார் என்பதைவிட, வந்தவர் தன்னைப் பார்க்கவில்லை என்பதுதான் அவளுக்கு உறைத்தது. பயம் வரவேண்டிய இடத்தில் எரிச்சல் முந்திக்கொண்டது. அங்கேதான் தப்பு நடந்தது.

நச்சரிப்புக் கணக்கையே அழித்துவிட்டு இரண்டாவது மென்பொருளுக்குப் போனாள். இது வேறு கம்பெனி, வேறு நிறம். பெட்டிகள் பிடித்த இடத்தில் நிற்காமல் சோப்புத்துண்டுபோல வழுக்கின. தமிழ் எழுத்தைப் போட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று சிதறியது. மீதி மதியம் முழுக்க மல்லுக்கட்டி அதே படத்தை ஏற்றி முடித்தபோது வெளியே மழை பிடித்திருந்தது. கீழ்மூலையைப் பார்த்தாள். இங்கே எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறிய ஆள் உருவம். ஒரே ஒரு ஆள். பார்வை படும் இடத்தை இந்த மென்பொருள் சூடாகக் காட்டும். பார்க்கப் பார்க்க இடம் சிவக்கும்.

காது சிவந்திருந்தது.

படத்தைத் திறந்தாள். வெட்டும் கருவியை எடுத்தாள். தன் கன்னத்தில் கொஞ்சம் போனாலும் பரவாயில்லை என்று, அந்தக் கீற்றை அறவே நறுக்கி எறிந்தாள்.

சிவப்பு சற்று நேரம் அந்த வெட்டு விளிம்பில் தடுமாறியது. பிறகு நகர ஆரம்பித்தது. பூனை பாலைத் தேடுவதுபோலப் படத்தின் ஓரத்தை முகர்ந்து, தலைப்பை ஒரு சுற்று சுற்றி, 'என் கதை' என்ற வரியைத் தாண்டி, மெதுவாக, மிக மெதுவாக, அவள் முகத்துக்கு வந்தது. இடது புருவத்தில் தங்கியது.

மூத்தவளுக்கு உடம்பெல்லாம் இனித்தது. அதை இல்லையென்று சொல்லிப் பயனில்லை. எத்தனை வருடம் ஆயிற்று, ஒருவர் அவளை இப்படி உட்கார்ந்து பார்த்து! பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு, மெழுகு காந்தும் வாசனை வரும்வரை அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது புருவத்தில் வெதுவெதுப்பாக இருந்தது. சுகமாகக்கூட இருந்தது. லேசாகச் சொறிந்துகொண்டாள்.

முகம் கழுவப் போனபோது, குளியலறைக் கண்ணாடியில், இடது புருவத்தின் பாதியைக் காணவில்லை.

முடி உதிர்ந்தால் அடியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். சிரைத்தால் பச்சை தட்டும். இங்கே எதுவும் இல்லை. துளைகூட இல்லாத வழவழப்பு. விரல் வைத்தால் வழுக்கியது. திரும்ப ஓடிவந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அதிலும் அதே புருவம், அதே பாதி. கல்யாணத்தில் எடுத்த படத்தில்.

சாப்பாட்டு நேரத்தில் கணவர் வந்தார். தட்டுக்குப் பக்கத்தில் போனை நிறுத்திவைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

"என் மூஞ்சியைக் கொஞ்சம் பாருங்க."

"பாத்தாச்சு."

"நிமிர்ந்து பாருங்கன்னா."

நிமிர்ந்தார். ஒரு கவளம் மெல்லும் நேரம் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. எப்பவும் போல." மறுபடி போனுக்குள் போய்விட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவள் மாடியேறினாள். தன் பக்கத்தை வேவு பார்ப்பது இளையவள்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. புருவத்துக்கு என்ன கணக்கு என்று தெரியவில்லை. அதையும் அவள் தலையில் கட்டிவிட மூத்தவள் தயாராகத்தான் இருந்தாள். படிக்கட்டுச் சுவர் மழையில் ஊறிக் குளிர்ந்திருந்தது. மேலே விளக்குப் போடவில்லை. லேப்டாப் வெளிச்சத்தில் இளையவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள், கூந்தல் ஒரு பக்கமாக வழிய.

"என்னடி, ஒளிஞ்சிருந்து பாக்கறதுக்கு என் பக்கம்தான் கிடைச்சுதா உனக்கு?"

"எந்தப் பக்கம்க்கா?"

"நடிக்காதே. சைட்டு. நான் இன்னும் வெளியவே விடல, அதுக்குள்ள வந்து குந்திக்கிட்டு..."

இளையவள் எழுந்துவிட்டாள். "நீங்க சைட் போடறீங்களா? சொல்லவே இல்ல?" என்றாள். பிறகு குரல் மாறியது. "ஒருத்தர் வர்றாங்களா அங்க? ஒரே ஒருத்தர்? போகாம அங்கேயே?"

மூத்தவளின் விரல் தானாக இடது புருவத்துக்குப் போனது. அதுவே பதிலாகிவிட்டது.

"எங்கிட்டதான்க்கா இருந்துச்சு அது. நான் நீங்கன்னு நினைச்சேன்."

"நானா!"

"பின்ன யாரு? என் பக்கத்துல வந்து நாள் முழுக்க உட்கார்றதுக்கு உங்களை விட்டா யாரு இருக்கா? பாவம், அக்கா வயிறெரிஞ்சு பாத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்." சிரித்தாள். "சந்தோஷமாக்கூட இருந்துச்சு. கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள நேரம் கிடைக்கவில்லை. இளையவள் கூந்தலை ஒதுக்கினாள்.

காது இல்லை. வெட்டுக் காயமில்லை, தழும்பில்லை, துளையுமில்லை. கன்னத்திலிருந்து பிடரிவரை ஒரே வழவழப்பு. லேப்டாப்பின் நீல வெளிச்சம் அதில் வழுக்கி இறங்கியது, நல்ல அச்சிலிருந்து எடுத்த மெழுகில் இறங்குவதுபோல. ஊரே புகழ்ந்த அலங்காரத்துக்கு அடியில் இதுதான் இருந்தது.

"வலிக்கலைக்கா. வெதுவெதுன்னு இருக்கும். சூட்டுக் கத்தியால வழிப்போமே, நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, அந்த மாதிரி." இளையவள் பக்கத்தில் வந்தாள். மூச்சில் மெழுகு வாசனை. "போன செவ்வாய்க்கிழமையோட போயிடுச்சு. ஆர்டர் குடுக்கறவங்க வர்றாங்க, போறாங்க. அது மாதிரி உட்கார்ந்து யாரும் பாக்கல. எப்படிக்கா வரவச்சீங்க? என்ன படம் போட்டீங்க?"

அந்தக் கண்களில் இருந்தது பயமல்ல. மூத்தவள் அதை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். தினமும் தன் குளியலறைக் கண்ணாடியில் பார்த்துப் பழகிய பார்வை அது.

தடதடவென்று படியிறங்கி வந்தாள். கதவைத் தாழிட்டாள். லேப்டாப்பைத் திறந்தாள். 'கணக்கை நீக்கு' என்பதைத் தட்டினாள். 'நிச்சயமாகவா? உங்கள் பக்கத்தை மீண்டும் பெற முடியாது' என்று கேட்டது. ஆமாம் என்ற இடத்துக்கு விரல் போனது. அப்போதே, அவள் கண் முன்னாலேயே, அந்தச் சிறிய ஆள் உருவம் அணைந்தது.

போய்விட்டது. தானாகவே.

மாடியில் கேமரா சொடுக்கும் சத்தம் கேட்டது. ஒருமுறை. இன்னொருமுறை. பிறகு கூரை வழியே சன்னமாக ஒரு சிரிப்பு, கூச்சப்படும் புதுப்பெண்ணின் சிரிப்பு.

பிழைத்தோம் என்று மூத்தவள் அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டு, பாதிப் புருவத்துக்கு மை தீட்டிக்கொண்டு இருந்திருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள். அவளும் அப்படித்தான் எழுந்தாள். எழுந்தவள், ஒரே ஒரு தடவை, சும்மா, மாடிக்காரியின் தளத்தைத் திறந்து பார்த்தாள்.

புதுப் படம். முடியை இழுத்து முடிந்து, முகத்தை நேராக நிமிர்த்தி, கண்களை அகல விரித்து. கண்தான் இளையவளுக்கு அழகு என்று மாமியார் காலத்திலிருந்தே பேச்சு. வெறுங்கண். இந்தா, பார், என்று நீட்டுகிற கண்.

மூத்தவளின் வயிற்றில் ஏதோ திரி பற்றிக்கொண்டது.

அது என்னுடையது. என்னைத் தேடி வந்தது. அவள் கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு போய்விடுவதா? எல்லாவற்றையும் அவளே எடுத்துக்கொள்வாளா? மெழுகையும், தொழிலையும், இதையும்?

இருந்த மெழுகுவர்த்தியையெல்லாம் எடுத்து மேசையைச் சுற்றி ஏற்றினாள். போனை நிமிர்த்தி வைத்தாள். கூடம் மஞ்சளாகத் தளும்பியது. சுவரில் அவள் நிழல் பல தலைகளோடு எழுந்தது. சிரித்தாள். வாழ்நாளில் யார் படம் எடுத்தபோதும் அவள் அப்படிச் சிரித்ததில்லை. பல் தெரிய, உதடு விரிய, வீட்டையே கொடுத்துவிடுகிற சிரிப்பு. மூன்றாவது மென்பொருளைத் திறந்தாள். வெண்ணெயாக நகர்ந்தது. தமிழ் எழுத்து முத்து முத்தாக விழுந்தது. பெட்டி சொன்ன இடத்தில் நின்றது. மூன்றில் இதுதான் நல்லது என்று அந்த நிலையிலும் அவளுக்குத் தோன்றியது. படத்தை ஏற்றினாள். முழு அகலத்துக்கு இழுத்தாள்.

பச்சைப் பொத்தான். வெளியிடு.

காத்திருந்தாள்.

இப்போது பார்ப்பவர்: 0.

மாடியில் சிரிப்பு நின்றது.

இப்போது பார்ப்பவர்: 1.

மேலே ஒரு நாற்காலி சாய்ந்து விழுந்தது.

மூத்தவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. திரையில் ஒரு சின்னக் கண் குறி முளைத்திருந்தது. படத்தின் மேல்விளிம்பிலிருந்து இறங்கியது. நெற்றி. புருவம். பழகிய இடத்தில் ஒரு கணம் நின்றது. தாண்டியது. கண்களைத் தாண்டியது. மூக்கு நுனி. இன்னும் கீழே.

சிரிப்பில் வந்து அமர்ந்தது.

வெதுவெதுப்பு. இதமான கத்தி. சாய்த்துப் பிடித்த கத்தி, அவளே கற்றுக்கொடுத்த மாதிரி. இடமிருந்து வலம். அவசரமில்லாமல். மடிப்பு போனது. ஓரம் போனது. அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். சிரிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மெழுகுவர்த்திகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து எரிந்தன. காற்று இல்லை.

படிக்கட்டில் சத்தம்.

காலடிச் சத்தமல்ல. உள்ளங்கை. ஈரச் சுவரில் தட்டித் தட்டி, தடவித் தடவி, ஒரு கை இறங்கி வந்துகொண்டிருந்தது. நின்றது. தடவியது. மறுபடி இறங்கியது. கதவை எட்டியது. கதவு முழுக்கத் தேடி, கடைசியில் கண்ணாடி பதித்த இடத்தில் வந்து பதிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகம் வந்தது. முடியை இறுக்கி முடிந்த முகம். நெற்றியிலிருந்து மூக்குவரை ஒன்றுமே இல்லை. புது மெழுகுவர்த்தியின் தலைபோல, திரி வைக்க மறந்ததுபோல. மெழுகுவர்த்தி வெளிச்சம் அதில் பட்டுப் பளபளத்தது. அதற்குக் கீழே வாய் மட்டும் இருந்தது.

"அக்கா," என்றது வாய், ஆசையாக. "இருக்கீங்கதானே? சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியலை. இப்ப அது யாரைப் பாக்குது?"

மூத்தவளுக்குப் பதில் தெரியும். திரையில் அந்தக் கண் குறி அவள் படத்தின்மேல்தான் எரிந்துகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் இளையவளிடம் சொல்ல அவள் ஆசைப்பட்டதெல்லாம் அந்த ஒற்றைச் சொல்தான்.

"சொல்லுங்கக்கா."

எழுந்து கதவருகே போனாள். கண்ணாடியில் தன் பிம்பம் இளையவளின் முகத்தின்மேல் விழுந்து படிவதைப் பார்த்தாள். இரண்டு கண்கள், மூக்கு, அதற்குக் கீழே மோவாய்வரை மழமழவென்று ஒரே வழவழப்பு.

என்னை, என்று சொல்ல, தொண்டையைச் செருமினாள்.